விருந்தாளி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஃபிரெஞ்ச்மேன் விரிகுடாக் கரையில் இருக்கும் சின்ன ஊர் பார் ஹார்பர். 1880களில் இங்கே ரோடிக் ஹவுஸ் என்றொரு ஹோட்டல் இருந்தது. சுமார் 400 அறைகள். கோடையைக் கழிக்க வந்த பணக்காரர்களுக்கு ஊர் பிடித்துப்போனது. அறை எடுப்பதை விட்டு, நிலம் வாங்கி மாளிகை கட்டினார்கள். அதை அடக்கமாக ‘காட்டேஜ்’ என்று சொல்லிக்கொண்டார்கள். ஆள் குறைந்த ஹோட்டல் 1906இல் இடிக்கப்பட்டது. 1947 அக்டோபர் தீயில் 67 மாளிகைகளும், பழைய ஹோட்டல்களில் ஐந்தும் எரிந்தன.

பாஸ்டனில் எங்களோடு இருக்கும் அப்பாவிடம், கடலோரப் பாதையில் நடந்தபடி இதைச் சொன்னேன்.

“அவங்க ரூம்லேருந்து வீட்டுக்குப் போயிருக்காங்க. நாம?” என்றார்.

அம்மா போன பிறகு நாகப்பட்டினம் வீட்டை விற்கலாம் என்றது நான்தான். பராமரிப்புச் செலவை எக்ஸெல்லில் போட்டுக் காட்டினேன். அப்பா எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

போன வருஷம் தனியாக ஊருக்குப் போய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் தங்கினேன். “சாருக்கு எந்த ஊர்?” என்று கேட்டான் ரிசப்ஷன் பையன். இந்த ஊர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பதிவேட்டில் பாஸ்டன் என்று எழுதினேன். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.