தினம் மூன்று அதிகாரம்

எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் வேதப்புத்தகம்தான். மற்ற எல்லாவற்றுக்கும் என் மாமி வைத்திருக்கும் பெயர் 'கதைப் பொஸ்தகம்'. அது சுஜாதாவாக இருந்தாலும் சரி, என் பையனின் பிளஸ் ஒன் இயற்பியலாக இருந்தாலும் சரி.

மாமி மார்த்தாண்டம் பக்கம் பிறந்தவர். அப்பா பனையேறி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நாகர்கோவிலுக்குக் கல்யாணமாகி வந்த வருடம் தொடங்கிய பழக்கம், வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். இந்தக் கணக்கில் போனால் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். டிசம்பர் கடைசியில் இரண்டு, மூன்று நாள் மிச்சமும் கிடைக்கும். அந்த நாட்களில் ரூத்தின் சரித்திரத்தை இன்னொரு தடவை வாசிப்பார். அது ஒரு மாமியார், மருமகள் கதை. ஏன் அதையே எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை.

நான் கதைப் பொஸ்தகக் கட்சி. இரவு ஜெபம் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, மாவை ஆட்டி வைத்தபிறகு கிடைக்கிற அரை மணி நேரத்தில் பத்துப் பக்கமாவது படித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். நூலகத்திலிருந்து நான் பை நிறையப் புத்தகங்களோடு வந்தால் மாமி ஒன்றும் சொல்ல மாட்டார். பையை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை, "மாமி, தமிழில் முதல் நாவலை எழுதினதே ஒரு கிறிஸ்தவர்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879-ல்" என்று என் தரப்பை எடுத்துவைத்தேன். மாமி யோசிக்கவே இல்லை. "அவரு கத்தோலிக்கருல்லா" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன் மாமியின் கண்ணில் நடுப்பார்வை போனது. கண்புரை என்றால் ஆபரேஷன் செய்துவிடலாம். இது விழித்திரையின் மையப்பகுதி தேய்வது. ஓரப்பார்வை இருக்கும், நடக்கலாம், ஆள் வருவது தெரியும். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துபோகும். முகங்கள் மறைந்தன, எழுத்தும் மறைந்தது. பெரிய எழுத்து வேதாகமம் வாங்கினோம், பூதக்கண்ணாடி வாங்கினோம், எதுவும் உதவவில்லை. என் கணவர் செல்போனில் ஒலி வேதாகமத்தை இறக்கிக் கொடுத்தார். இரண்டே நாளில் மாமி திருப்பிக் கொடுத்துவிட்டார். "நில்லுன்னு சொன்னா நிக்க மாட்டேங்கான்."

அப்படித்தான் காலை பத்து மணி வாசிப்பு என் தலையில் விழுந்தது.

சத்தமாக வாசிப்பது வேறு வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணால் வாசிக்கும்போது நாம் எவ்வளவோ தாண்டிப் போகிறோம். வாயால் வாசித்தால் தாண்ட முடியாது. நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களை யாராவது உரக்க வாசித்திருக்கிறீர்களா? பெயர், பெயர், பெயர் மட்டும்தான். நான் ஒரு பெயரில் தடுக்கினால் கட்டிலில் சாய்ந்தபடி மாமி அதைச் சரியாகச் சொல்வார். எனக்குச் சலித்த அந்தப் பட்டியல் அவருக்கு ஊர்க்காரர்களின் பெயர் மாதிரி. நாங்கள் வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பு. 1871-ல் வெளிவந்த பவர் ஐயர் பதிப்பின் வழிவந்தது. நீண்ட நீண்ட வாக்கியங்கள். பையனுக்கு அது புரிவதில்லை, 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்புதான் தனக்குச் சுலபம் என்கிறான். ஆனால் வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதை அந்தப் பழைய வாக்கியமே சொல்லிவிடுகிறது.

போன வருடம் எனக்காக ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' எடுத்து வந்தேன். 1964-ல் வந்த நாவல். குமரி மண், பனையேறிகள், வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டோடு அடைக்கப்படும் லிஸி என்ற பெண். இதை மாமியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "ஆரு எழுதினது?" என்றார். திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பேராசிரியை, நம்ம பக்கத்து ஆள் என்றேன். "கொஞ்சம் வாசி பாப்போம்."

மூன்று அதிகாரம் முடிந்ததும் ஐந்து பக்கம் லிஸி என்றானது. அக்கானி காய்ச்சும் வாசனையைப் பற்றி மாமி சொன்னதெல்லாம் புத்தகத்தில் இல்லாதவை. வாசிப்பு நடுவில் நின்றுவிடும். அவர் பேசுவார், நான் கேட்பேன். லிஸி பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் மட்டும் மாமி ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை லிஸி கிடையாது, அதில் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஜனவரி முதல் தேதி ஆதியாகமம் தொடங்கினால் மே மாதக் கடைசியில் யோபு முடியும். இந்த மே மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. லீவில் வீட்டில் இருந்த பையனைப் பிடித்து உட்கார வைத்தேன். குடும்ப ஜெபத்துக்கே ஆயிரம் சாக்குச் சொல்பவன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாசித்தான். 42-ம் அதிகாரம் வந்தது. யோபுவுக்கு எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கிறது. 7,000 ஆடு இருந்த இடத்தில் 14,000, 3,000 ஒட்டகம் இருந்த இடத்தில் 6,000. பிள்ளைகள் மட்டும் முன்போல ஏழு ஆண், மூன்று பெண்.

"பாட்டி, செத்துப்போன பத்துப் பேர்?" என்றான். "அவங்க பரலோகத்துல இருக்காங்க, அதனால அதுவும் ரெட்டிப்புதான்னு ஓய்வுநாள் பள்ளியில சொன்னாங்க. கணக்கு சரிதான். ஆனா அந்தப் பிள்ளைங்க பேருகூட இதுல இல்லையே. கடைசில பிறந்த மூணு பெண்ணுங்களுக்குத்தான் பேர் இருக்கு. யோபுவோட பொண்டாட்டியப் பத்தி இந்த அதிகாரத்துல ஒரு வார்த்தை இல்ல."

இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் மாமிக்குப் பிடிக்காது. அடுக்களையிலிருந்து நான் வேகமாக வந்தேன்.

மாமி கோபப்படவில்லை. "நான் ஆறு பெத்தேன் மக்களே" என்றார். "ஆரு கேட்டாலும் அஞ்சுன்னுதான் சொல்லுவேன்."

என் கணவர் கடைசிப் பிள்ளை. அவருக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து பதினோரு நாளில் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை, அதனால் பெயர் இல்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

"பேரு உண்டு" என்றார் மாமி. "எனக்க மனசுல நான் விட்ட பேரு. உங்க தாத்தாட்டகூடச் சொன்னதில்ல."

சொன்னார். அந்தப் பெயர் எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

எங்கள் குடும்ப வேதாகமத்தின் நடுவில் பிறப்பு, விவாகம், மரணம் எழுத நாலு பக்கம் உண்டு. பையன் தானாகவே எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தான். பிறப்பு வரிசையில் ஐந்தாவது பெயருக்கும் ஆறாவது பெயருக்கும் இடையில் இடமில்லை. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்தான் வர வேண்டும் என்று மாமி திருத்தினார். அங்கேயும் இடமில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, அம்புக்குறி போட்டான். தேதி கேட்டான், மாமி நாள், கிழமை எல்லாம் சொன்னார். பிறகு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, முகத்தைச் சாய்த்து ஓரப்பார்வையால் பார்க்கப் பார்த்தார். தெரிந்ததோ இல்லையோ, கேட்க எனக்கு மனம் வரவில்லை.

என் தொண்டை நாலு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் அவன் முறை என்று பாட்டியும் பேரனும் பேசி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ராத்திரியில் நடக்கிறது. இப்போது சங்கீதம் போய்க்கொண்டிருக்கிறது. 119-ம் சங்கீதத்தில் 176 வசனம். அது யார் முறையில் வருகிறது என்று காலண்டரை வைத்துக்கொண்டு இப்போதே கணக்குப் போடுகிறான்.