நான்காவது பங்கு

மடிக்கணினி என்று பெயர். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். சார்ஜரையும் சேர்த்தால் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாரம். 2016ஆம் ஆண்டு சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில், கொழும்பு பம்பலப்பிட்டியிற் பழைய சாமானாக நாம் நால்வர் வாங்கிய பொறி அது. நால்வரும் ஆசிரியர்கள். தனியே அதனை வாங்கும் வசதி எம்மில் எவருக்கும் இருக்கவில்லை.

வாங்கிய நோக்கம் இதுதான். எமதூர் வாசிகசாலையில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெளியான சஞ்சிகைகள் செல்லரித்துக் கிடந்தன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் பதிவுசெய்து காப்பாற்றுவதெனத் துணிந்தோம். அதற்குச் சாதாரணக் கணினி போதாதா என வாசகர் கேட்கலாம். ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்திற் பதிந்தால், சுருக்காத நிலையில் அது 100 மெகாபைற்றைத் தாண்டும். பத்துப் பக்கங்களை ஒருங்கே திறந்து கறை நீக்க முற்பட்டபோது எம்மில் ஒருவரின் லப்ரொப் அப்படியே உறைந்து நின்றது. ஆகவேதான் பொறியியலாளரும் திரைப்படத் தொகுப்பாளரும் பாவிக்கும் இவ்வகைப் பொறியை நாடினோம்.

எம்முடையது 2011இல் வெளிவந்த திங்பாட் டபிள்யூ 520. ஐ.பி.எம். நிறுவனம் 1992இல் தொடங்கிய வரிசையைச் சேர்ந்தது. அவ்வணிகம் 2005இல் லெனோவோவின் கைக்கு மாறிற்று. ஜப்பானியரின் சாப்பாட்டுப் பெட்டியை மனத்திற்கொண்டு றிச்சாட் சப்பர் என்னும் ஜேர்மன் வடிவமைப்பாளர் அக்கறுப்புப் பெட்டிக்கு உருக்கொடுத்தார் என்பர். எமக்குப் பிடித்தது உருவமன்று, அதன் திருகாணிகளே. நினைவகத் தட்டுகள் நான்குக்கு இடமுண்டு: இரண்டு அடிமூடியின் கீழ், இரண்டு விசைப்பலகையின் கீழ். 32 கிகாபைற்று வரை ஏற்றலாம். வன்தட்டு, விசிறி, விசைப்பலகை யாவும் கழற்றத்தக்கவை. எத்திருகாணியை எவ்வொழுங்கிற் கழற்றுவது என்பதைப் படங்களோடு விளக்கும் கைந்நூலும் எவரும் பெறும்படி வெளியிடப்பட்டிருக்கிறது.

பின்வந்த மெல்லிய பொறிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. ஒன்று பழுதானால் முழுப் பலகையும் போயிற்று. மெலிவுக்கு அது தவிர்க்கமுடியாத விலை என்றார்கள். 2024இல், மெல்லிய பொறியொன்றிலேயே கழற்றக்கூடிய புதுவகை நினைவகம் மீண்டும் வந்தபோது, அது இயற்கையின் விதியன்று, மனிதர் செய்த தெரிவே என்பது வெளியாயிற்று. பற்றுச்சீட்டு எம் கையிலும், திறக்கும் வழி பிறர் கையிலும் இருக்குமாயின், அப்பொருள் எவருடையது?

இக்கேள்வியை நாம் பெருமையோடு கேட்டுத் திரிந்தோம். பொறியைத் திறந்தவர்கள் நாமல்லர் என்பதை அப்போது எண்ணவில்லை.

2019இல் பொறி தளர்ந்தது. முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்த பக்கத்துக்கு நான்கு நிமிடம் பிடித்தது, விசிறி ஓலமிட்டது. கஸ்தூரியார் வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு கடைக்குக் கொண்டுசென்றோம். கடையில் இருந்தவன் எம்மில் ஒருவரின் வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்து, சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சாமான் பழுதில்லை மாஸ்ரர். மூச்சுத்தான் அடைச்சிருக்கு" என்றான்.

உண்மை. இப்பொறியின் முறைவழியாக்கி மாத்திரம் 45 உவாற்று உண்ணும். வரைவியலுக்கெனத் தனியொரு சில்லு வேறு. சார்ஜர் 170 உவாற்றுத் தரவல்லது. உட்செல்லும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறவேண்டும். செப்புக் குழாயும் விசிறியும் அதற்காகவே உள்ளன. வெப்பம் 100 பாகை செல்சியசை நெருங்கினால், எரிந்துபோகாதிருக்க முறைவழியாக்கி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எமது செம்மண் தூசி செப்புத் தகடுகளின் இடையே கம்பளிபோற் படிந்திருந்தது. சில்லுக்கும் செப்புக்கும் இடையிற் பூசப்படும் பசை காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. அவன் துடைத்துப் புதுப்பசை பூசினான். மறுநாட் காலை பொறி பழைய வேகத்தில் ஓடிற்று. கூலி வாங்கவில்லை, "எங்கட மாஸ்ரர்" என்றான்.

அவன் என்றே எழுதிவிட்டோம். இருபத்தாறு வயதான தொழிலாளியை அப்படி எழுதவைப்பது வாத்தியார்ப் புத்தி. இனி அவர் என்போம்.

2022 வந்தது. மார்ச் 31ஆம் நாள் மின்வெட்டு 13 மணிநேரம் வரை நீண்டது. எமது பற்றறி புதிதாயிருந்தபோதே 94 உவாற்று மணிதான். பழசாகியபின் முழு வேகத்தில் அரை மணியும் தாங்கவில்லை. மின்சாரம் வந்த நள்ளிரவுகளில் முறைவைத்து எழுந்து பக்கங்களைப் பதிந்தோம். அவ்வாண்டிலேயே விசிறி நின்றது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியிருந்தது. புது விசிறி எமக்கு எட்டாத பொருள். அவரோ செத்த பலகையொன்றிலிருந்து விசிறியைக் கழற்றிப் பொருத்தினார். அப்போதும் கூலி இல்லை.

ஆண்டின் இறுதியில் எம்மில் ஒருவர் கனடாவுக்குப் புறப்பட்டார். பயணச் செலவுக்குத் தம் பங்கைக் கேட்டார், கேட்டதில் தவறில்லை. எவ்வளவு என்பதிலேதான் சண்டை. பழைய பொறிகளின் விலையும் டொலரோடு ஏறியிருந்தது. வாங்கிய விலையிற் கால்பங்கு என்றோம் நாம். இன்றைய விலையிற் கால்பங்கு என்றார் அவர். பயன்பெறுமதி, மாற்றுப்பெறுமதி என்று இளைஞர் வட்டத்திற் பாடம் நடத்திய நாங்கள் மூன்று மாலைப்பொழுதுகள் சந்தைத் தரகர்போல வாதாடினோம். கடைசியில் அவர் கேட்டதையே கொடுத்தோம். கொடுத்த மனம் கசந்தே இருந்தது, அதை மறைப்பானேன்?

அவர் விட்டுச்சென்ற நான்காவது பங்கைக் கடைக்காரருக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மூன்று ஆண்டுகளில் ஒன்பது தடவை அப்பொறியைத் திறந்து மூடியவர் அவரல்லவா? பெரிய தர்மம் செய்வதாக எண்ணிக் கடைக்குப் போய்ச் சொன்னோம்.

அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. சற்று நேரம் ஸ்குறூ டிறைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பங்கு என்னத்துக்கு மாஸ்ரர்? சனி இரவில சாமானைத் தருவியளோ?"

எதற்கென்று கேட்டோம். திருத்தியபின் சோதிக்கவேண்டுமென்று பொறியைக் கடையில் மறித்துவைத்த இரவுகளில், பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளின் பழைய பதிப்பொன்றில் வீடுகளின் மாதிரி கீறப் பழகிவந்தாராம். தம்மிடமுள்ள கணினியில் அது ஓடாது. எம்மில் ஒருவருக்குக் கோபம் வந்தது: கேளாமற் பாவித்தது தவறல்லவா? மற்றவர் அவரது கையைப் பிடித்து அழுத்தினார். ஒன்பது தடவையும் நாம் கூலி எவ்வளவு என்று கேட்டோமேயன்றி, வேறெதுவும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து சனி இரவுகள் அவருடையவை. பதியும் பக்கங்கள் சற்றுக் குறைந்தன. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிவடைந்தது. வின்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் எமது முறைவழியாக்கி இல்லை. அதற்கு முன்னரே லினக்சை ஏற்றித் தந்தவரும் அவர்தான். எமக்கு அதிற் பழக ஒரு மாதம் பிடித்தது. கடைசி வாங்கில் நாம் இருந்தோம்.

சென்ற சனிக்கிழமை பொறியைக் கொடுக்கச் சென்றபோது, கீறி முடித்த வீடொன்றைத் திரையிற் சுழற்றிக் காட்டினார். அடுக்களை விறாந்தையிலும் பெரிதாயிருக்கிறதே என்றார் எம்மில் ஒருவர்.

"அம்மாவைக் கேட்டுத்தான் கீறினனான்" என்றார்.