பற்றலும் விடுதலும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் ஆரணியில் எம் இல்லத்திலிருந்தபொழுது, எம் தந்தையார் தறிக்குழியில் அமர்ந்தவாறே சோர்ந்து சாய்ந்தார். நாடா கைநழுவிப் பாவின்மேல் விழுந்தது. நெடுநாளாக நீரிழிவு உடையவர். பொங்கலுக்குள் சேலையை முடித்துத் தரவேண்டிய அவசரத்தில், இன்சுலின் ஊசி இட்டுக்கொண்டபின் உணவை மறந்துவிட்டார். நினைவு முற்றும் நீங்காமையால், அன்னையார் சர்க்கரை கரைத்துப் புகட்டினார். தெளிந்தவுடன் அவர் முதலில் வினவியது, "இழை அறுந்ததா?" என்பதே.

பின்னர் மருத்துவர் கூறியபடி அவர் புயத்தில் ஒரு வில்லையை ஒட்டுவித்தோம். அதனடியில் மயிரிழையன்ன கம்பியொன்று தோலினுள் நுழைந்து, இரத்தக்குழாயைத் தொடாது, உயிரணுக்களினிடையே ஊறும் நீரில் நிற்கும். கம்பியின்மேற் பூசிய நொதி குளுக்கோசை மட்டுமே நாடிப் பற்றும். அதனை வேறு பொருளாக மாற்றி உடனே விட்டுவிடும். அம்மாற்றத்தில் வெளிப்படும் எலெக்ட்ரான்கள் சிறு மின்னோட்டமாகும். ஓட்டம் மிகுந்தால் சர்க்கரை மிகுதி; குறைந்தால் குறைவு. 1962-ல் அமெரிக்காவில் கிளார்க், லயன்ஸ் என்னும் இருவர் காட்டிய நெறியின் வழிவந்தது இது. அந்நீரிற் சர்க்கரை இரத்தத்தினும் சில நிமிடம் பிந்தியே மாறும் என்பதைத் தந்தையாருக்கு விளக்க யாம் பட்ட பாடு சிறிதன்று.

தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் நகைக்கலாம். விடுதிக்கு மீண்டபின்னும் இதனையே தேடிப் படித்தோம். 2011-ல் பெங்களூர் அச்சிரா ஆய்வகத்தார், பட்டு நூலுக்கு வேதிப்பொருள்களை ஊட்டி உலர்த்திக் கைத்தறியில் நெய்து, அத்துணித் துண்டினாலேயே ஒரு புரதத்தைக் கண்டறிந்து காட்டினர். நீரை உறிஞ்சும் நூலும் உறிஞ்சா நூலும் கொண்டு, ஜக்கார்டின் துணையால், துணியிலேயே வாய்க்கால் வகுத்தனராம். இதனைத் தொலைபேசியிற் கூறக் கேட்ட தந்தையார், "நம் தறியே போதுமே!" என்றார்.

போதாது. அத்துணியிற் பற்றும் பொருள் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருள்; அது இறுகப் பற்றினால் எளிதில் விடாது. ஒருமுறை சோதித்து எறிதற்கு அது நன்று. இராப்பகலாய் உடலினுள் நின்று ஏற்றமும் இறக்கமும் சொல்வதற்கோ, பற்றுவதோடு விடவும் தெரிந்த மூலக்கூறு வேண்டும். சர்க்கரைக்கு இயற்கையே அத்தகைய நொதியை வைத்திருக்கிறது. பிறவற்றுள் பெரும்பாலனவற்றிற்கு மனிதர்தாம் வகுத்தல் வேண்டும்.

அவ்வாறு வகுத்தாருள் ஒருவர் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரத்துப் பிளாக்ஸ்கோ. அவர் குழுவினர் பொற்கம்பியில் டி.என்.ஏ. இழைகளின் ஒரு முனையைப் பதித்து, மறுமுனையில் மெத்திலீன் நீலச் சாயத்தைச் சேர்த்தனர். குறித்த மருந்து வந்து தொட்டால் இழை மடங்கும், சாயம் பொன்னை அணுகும், மின்னோட்டம் மாறும். மருந்து நீங்கினால் இழை பழையபடி விரியும். விழித்து நடமாடும் எலிகளின் இரத்தத்தில் இவ்வாறு மருந்தளவை அளந்ததை 2017-ல் வெளியிட்டனர். பட்டும் ஜரிகையும் சாயமும் சூழ வளர்ந்த எமக்கு இஃது அயலார் தொழிலாகத் தோன்றவில்லை.

தந்தையாரின் வில்லை பதினான்காம் நாள் ஓய்ந்தது. அதன் ஆயுள் அவ்வளவே. மறு வில்லையின் விலை பல நாட் கூலியை விழுங்குவது. "பார்க்கலாம்" என்று தறியில் இறங்கிவிட்டார். இப்பொழுது அன்னையார் அடுக்களையிலிருந்தே தறியோசைக்குச் செவி கொடுத்திருக்கிறார். ஓசை சற்று நின்றால், அகப்பையும் கையுமாக ஓடி வருகிறார்.