அக்கா, லைட்டை அணைங்க!

இன்னும் விடியவில்லை. தனுஷ்கோடி மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வனத்துறை ஊழியர் பிளாஸ்டிக் தொட்டியை மெதுவாகச் சாய்த்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஆமைக்குஞ்சுகள், தத்தித் தத்திக் கடலைப் பார்த்து நகர ஆரம்பித்தன. நான் மொபைலை எடுத்தேன். இருட்டில் ஒன்றுமே பதியவில்லை. ஃப்ளாஷை ஆன் செய்தேன்.

ஐந்தாறு குஞ்சுகள் அப்படியே திரும்பின. கடலை விட்டுவிட்டு என் காலைப் பார்த்து வந்தன.

"அக்கா, லைட்டை அணைங்க!"

ஒரு பெண் ஓடி வந்து மொபைலைக் கையால் பொத்தினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள். முந்தின நாள் மாலை, "குஞ்சுகள் வெளிச்சம் தெரியுற பக்கம்தான் போகும், யாரும் டார்ச் அடிக்கக் கூடாது" என்று அவளுக்கும் மற்றவர்களுக்கும் விதிமுறைகளை வாசித்துக் காட்டியதே நான்தான்.

ஏப்ரல் கடைசியில் பாம்பன் தீவில் நடந்த மாணவர்களுக்கான இயற்கை முகாம் அது. மூன்று நாள். தன்னார்வலர் தேவை என்று தோழி ஒருத்தி அனுப்பிய மெசேஜைப் பார்த்துப் பெயர் கொடுத்தேன். கடல்மேல் பெரிய காதல் எல்லாம் இல்லை. சொந்த ஊர் திண்டுக்கல், நீச்சல் தெரியாது. டெஸ்க்கில் லீவு கேட்டபோது, "போயிட்டு வா, நல்ல வீடியோ ஒண்ணு கொண்டு வா" என்றார்கள். அதுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தன்னார்வலர் என்றால் என்ன வேலை? தலை எண்ணுவது. படகில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. சாம்பார் வாளியைத் தூக்குவது. லைஃப் ஜாக்கெட் பட்டையை மாட்டிவிடுவது. (எனக்கு மாட்டிவிட்டது ஏழாம் வகுப்புப் பையன்.) வந்தவர்களில் பாதிக்குமேல் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் ஓய்வில் நின்றன. ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள். தெற்கே இருப்பது ஆண்கடல், வடக்கே இருப்பது பெண்கடல் என்று எனக்குப் பாடம் எடுத்தவர்களும் இந்தப் பிள்ளைகள்தான்.

குஞ்சு பொரிப்பகம் எனக்குப் புதிது. பங்குனி ஆமை என்று நம்மவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி, இரவில் கரையேறிக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேலும் இடும். நாயும் நரியும் தோண்டிவிடும் என்பதால், முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்குமேல் ஆகும் பொரிக்க. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். அங்கே நின்ற ஒரு பையன், "அப்போ வெயில் ஏற ஏற மாப்பிள்ளைக்குப் பஞ்சம் வந்துடும்" என்றான். சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இரண்டாம் நாள் குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவு. பாம்பனில் இருந்து பார்த்தாலே தெரியும் தூரம்தான். 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அதில் இருந்தவை 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்குள். சுற்றியிருந்த பவளப்பாறைகளை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவு கரைந்துவிட்டது. வழிகாட்டி இதைச் சொன்னபோது படகே அமைதியானது.

என் மொபைலைப் பொத்திய பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தீவில் இறங்கி ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டாள்.

"எங்கம்மா இங்க வந்தா விரட்டுவாங்க. நம்மளை மட்டும் ஏன்க்கா கூட்டிட்டு வர்றாங்க?"

அவள் அம்மா பாசி எடுக்கிறவர். இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலில் மூழ்கி, பாறையில் இருந்து பாசியைக் கையால் பறிக்கும் பெண்கள் பாம்பன் பக்கம் நிறைய. பாட்டி காலத்திலிருந்து செய்கிற தொழில். பூங்கா வந்ததும் அதே இடம் தடை செய்யப்பட்ட இடமாகிவிட்டது. நான் வழிகாட்டியைக் கூப்பிட்டேன். தீவுக்கு ஏன் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அவளும் தலையாட்டினாள். ஆனால், அவள் கேட்டது அது இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அன்று மாலை, "வீட்டுக்கு வர்றீங்களா?" என்றாள். போனேன். சுவரில் ஆணியில் நீச்சல் கண்ணாடி, வலைப்பை, விரலில் சுற்றிக்கொள்ளும் துணிக் கிழிசல்கள். அம்மா கறுப்பு டீ கொடுத்தார். டம்ளரை நீட்டிய விரல் நுனிகள் முழுக்க வெட்டுக்காய வடு.

"இன்னிக்குக் கடலுக்குப் போகலையாக்கா?"

"இப்ப இறங்க மாட்டோம் தங்கச்சி. பாசி வளர்ற நேரம். பறிச்சுட்டா அடுத்த வருஷம் என்ன இருக்கும்? நாங்களா பேசி நிறுத்தி வச்சிருக்கோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல."

இரண்டு நாளாக நான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய கையேட்டில் ஆமை இருந்தது, பவளம் இருந்தது, கடல் பசு இருந்தது. இந்த அக்கா இல்லை. மகளை ஏன் முகாமுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "பெரிய படிப்பு படிச்சு அந்த யூனிஃபார்ம் போடட்டும். அப்பவாச்சும் எங்களைக் கேட்டுட்டுச் சட்டம் போடுவாள்ல" என்று சிரித்தார். மகள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "நீங்க பத்திரிகைதானே? எழுதுவீங்களா?" எழுதுவதாகச் சொன்னேன். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

கடைசி நாள் காலைதான் அந்த ஃப்ளாஷ் கூத்து. அவளே மணலில் மண்டியிட்டு, திசை மாறிய குஞ்சுகளுக்கு முன்னால் கையை அணைபோல வைத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். கடைசிக் குஞ்சை அலை இழுத்துக்கொண்டு போகிறவரை நான் தலை நிமிரவில்லை.

டெஸ்க்கில் வந்ததும் வீடியோ எங்கே என்று கேட்டார்கள். மொத்தம் 11 விநாடி. அதிலும் பாதி அவள் உள்ளங்கை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். லிங்க்கை அவள் அம்மாவின் நம்பருக்கு அனுப்ப வேண்டும். நேற்றே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது: "எழுதிட்டீங்களா தங்கச்சி?"