கோரையிடைச் சிறுகுருவி

ஆங்கிலக் கதைகளிலும் பாட்டுகளிலும் அடிக்கடி தலைகாட்டும் 'ரென்' என்னும் சிறுபறவையைச் சாத்தம் தீவில் தேடினால் கிடைக்காது. அந்தமானில் எங்குமே அது கிடையாது. அக்குடும்பத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள. ஏறத்தாழ அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. இந்தியாவில் உள்ளது ஒன்றே ஒன்று. அதுவும் இமயச் சாரலில். அமெரிக்க நீர்நிலைகளில் வாழும் சதுப்பு ரென் வியப்புக்குரியது. அதன் ஆண், கோரைத் தாள்களைப் பின்னிக் கூடுகள் பலவற்றைக் கட்டிவைக்கும். பெரும்பாலானவை குடியேறுவாரின்றி வெறுங்கூடுகளாகவே நின்றுவிடும். (நம்மவரிலும் இப்படி வீடு கட்டுவோர் உண்டு; அது வேறு கதை.)

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், வயலோரம் வாலை நிமிர்த்தித் துள்ளும் நம் கதிர்க்குருவியைக் கண்டதும் தம் ஊர்ப் பறவையை நினைத்துக்கொண்டு 'ரென் வார்ப்ளர்' என்று பெயரிட்டனர். இரண்டிற்கும் நெருங்கிய உறவில்லை. ஊர் ஏக்கமே அங்குப் பெயராயிற்று. சாலிம் அலியின் நூலிலும் அப்பெயர் நெடுங்காலம் வழங்கியது.

அவ்வேக்கம் நமக்கும் புதிதன்று. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர் செவிகளில் நாற்றங்காலோரக் கதிர்க்குருவியின் ஒலி நின்றிருக்கும். ஆனால், அக்குருவி கடல் கடந்து வரவில்லை. மைனாவும் ஊர்க்குருவியும் ஆங்கிலேயர் காலத்தில் மனிதர் கையால் இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டவை. 1883-இல் சாத்தத்தில் மரம் அறுக்கும் ஆலை எழுந்ததும், பிழைப்புத் தேடிக் கூலிகளாய்ப் பலர் வந்ததும் அத்தகைய வருகைகளே. கதிர்க்குருவியைக் கூண்டிலடைத்துக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை போலும்.

தானாகவே வருகின்ற சிறுகுருவி ஒன்று உண்டு. சைபீரியப் புல்வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தில் தெற்கே வரும் அதனை, 1811-இல் உலகுக்கு அறிவித்த பல்லாசின் பெயரால் அழைப்பர். இருபது கிராம் தேறுவதும் அரிது. பழுப்பு முதுகில் கருங்கோடுகள். பறப்பதினும் கோரையடியில் எலிபோல் ஓடுவதையே விரும்பும். அதன் பாட்டெல்லாம் பிறந்த மண்ணுக்கே. இங்கு நாம் கேட்பது 'டிக், டிக்' என்னும் சிற்றொலி மட்டுமே.

அதனைக் காண நாம் சென்ற இடம் சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை வந்து மீண்டது; தாழ்ந்த வயலுக்குள் புகுந்த உப்புநீரோ மீளவில்லை. நெல் நின்ற இடத்தில் கோரை எழுந்தது. நாரையும் கொக்கும் வந்தன. பறவை காண்போரும் தொலைநோக்கியுடன் வந்தனர். அவர்கள் அவ்விடத்தைப் புகழ்ந்து பேசுகையில், அங்கே நிலம் இழந்தோர் எங்கே நிற்கிறார்கள் என்று நாம் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் சாலையோரத்தில்தான்.

அன்று நம்முடன் வந்த சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் அவ்வாறு இழந்தவர். கோரை அசைந்தது; கோடிட்ட முதுகொன்று தோன்றி மறைந்தது. நாம் மகிழ்ந்து காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"தம்பி, என் மூன்று காணி நிலத்தைக் கொடுத்து வாங்கிய குருவியா இது?" என்றார்.

மறுமொழி சொல்ல இயலவில்லை. இந்த நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவர் முன்னிலையில் அதைச் சொல்ல நா எழவில்லை என்பதும் உண்மை.

"எங்கிருந்து வருகிறது?" என்று அவரே கேட்டார்.

"சைபீரியாவிலிருந்து, ஐயா. கோடைக்குள் திரும்பிவிடும்."

"அவ்வளவு தூரமா! இத்தனூண்டா இருக்கே."

பின்னர்க் கைத்தடியை நீட்டி, தம் வயலின் வரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று நீர்ப்பரப்பின்மீது நமக்குக் காட்டலானார்.