ஹான்லே இருட்டும் எங்க ஊர் சம்பாவும்

ஆவணி அமாவாசையை ஒட்டி லடாக் போயிட்டு வந்தேன். தம்பி மகன் ராணுவத்தில் லேயில இருக்கான், அவன்தான் கூப்பிட்டான். லேயில் ரெண்டு நாள் தங்கி மூச்சுப் பழகின பிறகு, ஒரு பகல் முழுக்க வண்டியில் போய் ஹான்லே சேர்ந்தோம்.

மணலும் கல்லுமா குளிர் பாலைவனம். மழை கிடையாது, காத்துல ஈரம் இல்லை. அதனாலதான் இந்திய வானியற்பியல் நிறுவனம் அங்கே 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வச்சிருக்கு. அதுக்கு நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர் பேரு. 2022-ல் அந்தப் பகுதியை இருள் வானக் காப்பகமா அறிவிச்சு, ஊர்க்காரங்களுக்கே பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்காங்க. எங்களுக்கு வானம் காட்டினது ஆடு மேய்க்கிற வீட்டுப் பொண்ணு. அது இந்தியில் சொல்ல, தம்பி மகன் தமிழில் சொன்னான்.

கையை நீட்டி முஷ்டி பிடிக்கச் சொல்லுச்சு. வடக்கே தரையிலிருந்து மூணு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம். சிதம்பரத்தில் அது ஒரு முஷ்டி உயரம்தான், தென்னந்தோப்புக்குப் பின்னால மறைஞ்சிடும்.

விடியக்காலம் மூணு மணிக்குக் கிழக்கே சிவப்பா ஒண்ணைக் காட்டி 'பீட்டல்ஜூஸ்'னுச்சு. "இது எங்க ஊர் திருவாதிரைம்மா. மார்கழியில எங்க நடராஜருக்குத் தரிசனம் நடக்கிற நட்சத்திரம்"னேன். உடனே நோட்டில் எழுதிக்கிச்சு.

அந்த ஊரில் சன்னலுக்கெல்லாம் கனமான திரை. வெளி விளக்குக்கு மேலே மூடி, வெளிச்சம் தரையில் மட்டும் விழும். எனக்கு மனசில நின்னது அதுதான்.

எங்க வயலோரம் உயர்கோபுர விளக்கு போட்டு மூணு வருஷம் ஆச்சு. பழைய சம்பா ரகங்கள் பகல் குறைஞ்சு ராத்திரி நீளும்போதுதான் கதிர் விடும். வெளிச்சம் விழுற இடத்துப் பயிருக்கு ராத்திரி வந்ததே தெரியறதில்லை. மத்த நெல்லு பழுத்துச் சாயும்போது அது மட்டும் பச்சையா நிக்குது. அறுப்பு மிஷின் ஒரு தடவைதான் வரும். அந்தப் பத்துக் குழியும் மாட்டுக்குத்தான்.

விளக்கே வேண்டாம்னு சொல்லலை. பாம்பு நடமாடுற இடம், ராத்திரி மடை பார்க்கப் போறவனுக்கு வெளிச்சம் வேணும். வயல் பக்கம் ஒரு தகடு வச்சு மறைச்சா போதும். மனு எழுதி வச்சிருக்கேன், அடுத்த கிராம சபையில் கொடுக்கணும். உங்க வயலோரமும் இதே கதைதான்னா நீங்களும் கேளுங்க.