ஜன்னலை மூடவைக்கும் ‘கந்தக வாசனை’... கடலூர் - சிதம்பரம் சாலையில் ஒரு வேதியியல் பாடம்!

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் பஸ் வேகமெடுத்ததும், தினமும் போகிறவர்கள் ஜன்னல் கண்ணாடியை இழுத்துவிடுவார்கள். அடுத்து வருவது சிப்காட். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் அந்த மாணவியின் வீடோ சிப்காட்டை ஒட்டிய கிராமத்தில். பஸ்ஸில் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம், வீட்டில் முடியாது. காற்று திரும்பும் இரவுகளில், வீசிங் உள்ள தம்பி எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

“என்ன நாத்தம்க்கா இது?” என்பான். “கந்தகம்டா, தூங்கு” என்று அம்மா முந்திக்கொள்வார்.

அந்தப் பதில்தான் அவளை உறுத்தியது. ஏனென்றால், சுத்தமான கந்தகத்துக்குப் பெரிதாக வாசனையே கிடையாது. தீபாவளிக்கு வெடித்து முடித்ததும் மூக்கைக் குத்துமே, அது கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து உருவான சல்பர் டை ஆக்ஸைடு. அழுகிய முட்டை நாற்றமா? அது ஹைட்ரஜன் சல்பைடு. அதில் ஆக்சிஜனே இல்லை. ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்!

கந்தகம் நீலச் சுடரோடு எரியும். 32 கிராம் கந்தகம் சரியாக 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்து, 64 கிராம் வாயுவாகிறது. அதாவது எடை இரு மடங்கு. இந்தக் கணக்கு நெய்வேலிக்கும் பொருந்தும். ஒரு டன் பழுப்பு நிலக்கரியில் 5 கிலோ கந்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது முழுக்க எரியும்போது 10 கிலோ சல்பர் டை ஆக்ஸைடு. சர்க்கரை ஆலைகள் பலவற்றில் கரும்புச்சாற்றை வெளுக்க, கந்தகத்தை எரித்து இதே வாயுவைத்தான் செலுத்துகிறார்கள். காபியில் போடும் வெள்ளைச் சர்க்கரைக்குப் பின்னாலும் இந்த நீலச் சுடர் உண்டு.

இன்னோர் ஆக்சிஜனைச் சேர்ப்பதுதான் கஷ்டம். 1831-ல் பெரெக்ரின் பிலிப்ஸ் என்ற பிரிஸ்டல் நகர வினிகர் வியாபாரி, பிளாட்டினத்தின் உதவியோடு அதைச் செய்துகாட்டினார். இன்று ஆலைகளில் வனேடியம் பென்டாக்ஸைடு, சுமார் 450 டிகிரி வெப்பம். கிடைக்கும் சல்பர் ட்ரை ஆக்ஸைடை நேராகத் தண்ணீரில் விட்டால் அமிலப் புகைமூட்டமாகிவிடும். அதனால் அடர் கந்தக அமிலத்திலேயே கரைப்பார்கள். வெட்டவெளியில் இதே வேலையைக் காற்றும் ஈரமும் மெதுவாகச் செய்கின்றன. அமில மழை அப்படித்தான் வருகிறது.

தம்பி விஷயத்துக்கு வருவோம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு சல்பர் டை ஆக்ஸைடு சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாயைச் சுருக்கும். இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 80 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 40. இந்தச் சராசரிக்குள், நள்ளிரவில் வந்துபோகும் அரைமணி நேர நெடி காணாமல்போகலாம்.

2004-ல் சிப்காட் கிராமத்து மக்களே வாளி போன்ற எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதைப் படித்த பிறகு, அவள் வீட்டுக் காலண்டரில் எழுத ஆரம்பித்தாள்: மணி, காற்றடிக்கும் திசை, முட்டை நாற்றமா, தீக்குச்சி நெடியா, தம்பிக்கு இழுப்பு வந்ததா. ‘கெட்ட வாசனை’ என்று மொட்டையாகப் புகார் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போன மாதம் வகுப்போடு பிச்சாவரம் போனாள். படகுக்காரர் துடுப்பால் சேற்றைக் கிளற, அதே முட்டை நாற்றம். அங்கே ஆலை இல்லை. சேற்று பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு, மிச்சத்தை சல்பைடாக விடுகின்றன. மற்றவர்கள் மூக்கைப் பொத்த, அவள் மணி பார்த்தாள்.